பாட்டன் பெயரும் பங்குக் கோயில் பதிவேடும்

1620ஆம் ஆண்டு மேபிளவர் என்னும் கப்பலில் அமெரிக்கக் கரை சேர்ந்தவர்களின் சந்ததியார் ஒரு சங்கம் வைத்து, அதில் சேர விரும்புவோர் ஒவ்வொரு தலைமுறைக்கும் எழுத்துமூலமான ஆதாரம் காட்டவேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். திருச்செந்தூரை அடுத்த வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு முதலிய ஊர்களின் பரதவ குடும்பத்தார் அவ்வாறே தம் முன்னோரைத் தேட விரும்பினால், அதற்குரிய சாதனம் பங்குக் கோயிலின் பதிவேடுதான்.

இவ்வூர்கள் அடங்கிய முத்துக்குளித்துறைப் பரதவர் 1535-37 வாக்கில் ஞானஸ்நானம் பெற்றனர். 1542இல் வேதபோதகரான சவேரியார் அங்கு வந்தார். 1563இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம், விவாகங்களைப் பதிந்து வைக்கவேண்டுமெனக் குருக்களுக்குக் கட்டளையிட்டது. பதிவேட்டை விட்டு, பெர்னாண்டோ, கோமஸ், மச்சாடு என்னும் போர்த்துக்கீசியப் பட்டப்பெயரைப் பற்றிக்கொண்டு லிஸ்பனில் பாட்டனைத் தேடுவது வீண் பிரயாசை. ஞானஸ்நானத்தின்போது சூட்டப்பட்ட அப்பெயர்கள் இரத்த சம்பந்தத்தைக் காட்டுவன அல்ல.

ஆகவே, தெரிந்த பாட்டனாரின் விவாகப் பதிவிலிருந்து தொடங்கி, அதில் கண்ட தகப்பன் பெயரைக்கொண்டு அப்பாட்டனாருடைய ஞானஸ்நானப் பதிவுக்கும், அங்கிருந்து அவருடைய பெற்றோரின் விவாகத்துக்குமாகப் படிப்படியாகப் பின்னோக்கிச் செல்லவேண்டும். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் நம் வழக்கத்தால், ஒரே காலத்தில் ஒரே ஊரில் ஒரே பெயருடைய பெரியப்பன் மக்களும் சித்தப்பன் மக்களும் நாலைந்து பேர் ஏட்டில் நிற்பார்கள். அவர்களைப் பிரித்தறியத் தாயின் பெயரும், ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயர்களுமே துணை. அவசரக்காரர் இவ்விடத்தில்தான் அயலான் பாட்டனைத் தம் பாட்டனாக்கிக்கொள்கிறார்கள்!

இவற்றினும் அரிய தடயம் ஒன்றுண்டு. மாமன் மகளை மணப்பது நம்மவர் வழக்கம். திருச்சபைச் சட்டமோ நெருங்கிய உறவினர் விவாகத்துக்கு விசேஷ அனுமதி கேட்கும். அந்த அனுமதியைக் குறிக்கும்போது மணமக்கள் எத்தனையாவது படியில் உறவினர் என்பதையும் குரு எழுதிவைத்தால், தேடுகிறவனுக்கு அவ்வொரு வரியே இரு குடும்பங்களின் பொதுப் பாட்டன் எத்தனையாவது தலைமுறையில் நிற்கிறார் என்பதைக் காட்டிவிடும்.

மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய பழைய மை, நாளடைவில் தான் எழுதிய எழுத்தின் வழியே காகிதத்தை அரித்துத் துளையாக்கக்கூடியது. கடற்கரை ஈரமும் கரையானும் எஞ்சியதை முடிக்கும். எனவே ஏட்டைத் திறக்குமுன் பங்குக் குருவின் அனுமதி பெற்று, பென்சிலால் மட்டுமே குறிப்பெடுத்து, வாசிக்க முடியாத பெயரை ஊகத்தால் நிரப்பாமல் இடம் விட்டு எழுதிக்கொள்ளவேண்டும்.