ஜோதிமாணிக்கத்து மரபணுவும் ஒரு பத்திரிகையின் நேர்மையும்

பழனிசெட்டிபட்டியில் பஸ் ஏறி, தேனி, ஆண்டிபட்டி கணவாய், உசிலம்பட்டி என்று மதுரைக்குப் போகும் நம்மில் பலருக்கு, மனித குலத்தின் ஆதிப் பயணத்துக்கான தடயம் ஒன்று இந்த வட்டாரத்தில் கிடைத்தது தெரியாது. மதுரை மாவட்டத்து ஜோதிமாணிக்கம் கிராமத்தில், காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பனின் குழு சேகரித்த ரத்த மாதிரியில் எம்130 என்ற மரபணு அடையாளம் இருந்தது.

ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்குப் பெரும்பாலும் மாறாமல் போகும். எப்போதாவது அதில் ஒரு எழுத்துப்பிழை விழுந்தால், அது வம்சம் முழுக்கத் தொடரும். எம்130 அப்படி விழுந்த மிகப் பழைய பிழை. ஆப்பிரிக்காவிலிருந்து சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முன்பே கிளம்பி, கடலோரமாகக் கிழக்கே நகர்ந்தவர்களின் சந்ததியில் அது தங்கியிருக்கிறது. ஆஸ்திரேலியப் பழங்குடி ஆண்கள் பலரிடமும் அதே அடையாளம்தான். மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸின் ஆவணப்படம் வழியாக இந்தச் செய்தியை உலகுக்குச் சொன்னது நேஷனல் ஜியோகிராஃபிக்.

அந்த நிறுவனத்தின் இதழ்தான் 1916-ல், அதே ஆஸ்திரேலியப் பழங்குடிகளை மனிதரிலேயே அறிவில் கடைசியானவர்கள் என்று படக்குறிப்பு எழுதி அச்சிட்டது.

2018 ஏப்ரலில் இனம் குறித்த சிறப்பிதழைக் கொண்டுவந்தபோது, ஆசிரியர் சூசன் கோல்ட்பர்க் முதலில் தன் வீட்டைத்தான் சோதித்தார். ஜான் எட்வின் மேசன் என்ற வரலாற்றாசிரியரிடம் பழைய இதழ்களை ஒப்படைத்தார். பல பத்தாண்டுகள் நாங்கள் இனவெறியோடு எழுதினோம் என்று கோல்ட்பர்க்கின் பெயரிலேயே தலையங்கம் வந்தது. அந்த 1916 படக்குறிப்பையும் மறைக்கவில்லை. கூடவே, இனம் என்பதற்கு உயிரியலில் அடிப்படை இல்லை என்று அதே இதழில் எழுத்தாளர் எலிசபெத் கோல்பர்ட் விளக்கினார். மரபியலாளர் லெவோன்டின் 1972-லேயே கணக்கிட்டது இது: மனிதரின் மரபணு வேறுபாட்டில் ஏறக்குறைய 85 சதவீதம் ஒவ்வொரு மக்கள்கூட்டத்துக்கு உள்ளேயேதான் இருக்கிறது. அறிவியலும் மனசாட்சியும் ஒரே இதழில் சேர்ந்து வந்ததை மனதாரப் பாராட்டுகிறேன்.

நம் பக்கம் எம்130 செய்தி 'முதல் இந்தியர்' என்ற பெருமைத் தலைப்பாகச் சுருங்கியது எனக்கு வருத்தம். ஓர் அடையாளம் யாரையும் மூத்தவராக்காது. உயிரோடிருக்கும் எல்லோருடைய வம்சமும் ஒரே அளவு பழையது. கறுப்பு நிறத்தை, வருசநாட்டு மலைப் பளியர் பழங்குடியினரை, சாதியை நம் இதழ்கள் எப்படியெல்லாம் எழுதின, எப்படியெல்லாம் வரைந்தன? பழைய தொகுப்புகளை எடுத்து ஒரு வரலாற்றாசிரியரிடம் கொடுங்கள், ஆசிரியர்களே. அவர் கண்டதை முதல் பக்கத்தில் அச்சிடுங்கள்.