அடுத்த ராணி யார்? – ஒரு குளவிக்கூடு காட்டும் உயர்கல்விப் பாதை

பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். சன்னல் கம்பியில் குளவிகள் கூடு கட்டியிருந்தன. ஒரு மாணவி கரும்பலகையைப் பார்க்காமல் அந்தக் கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுப்பி, “என்ன பார்க்கிறாய்?” என்று கேட்டேன். பயப்படாமல் திருப்பிக் கேட்டாள்: “டீச்சர், தேனீ மாதிரி இதுலயும் ராணி உண்டா? அது செத்துப்போனா அடுத்த ராணி யாரு? முன்னாடியே முடிவு பண்ணி வச்சிருக்குமா?”

எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. “இதெல்லாம் பரீட்சைக்கு வராது, பாடத்தைக் கவனி” என்றேன். இரண்டு நாளில் கூட்டையும் எரித்துவிட்டார்கள்.

பல ஆண்டுகள் கழித்துத்தான் ஒரு செய்தி எனக்குத் தெரிந்தது. அந்த மாணவி கேட்ட அதே கேள்வியைப் பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடம் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வந்திருக்கிறது. அண்மையில் கடையநல்லூர் பேருந்து நிலையத்தில் அவளைக் கைக்குழந்தையோடு பார்த்தேன். வணிகவியல் படித்து முடித்திருந்தாள். குளவியை அவளும் மறக்கவில்லை. எனக்குத் தெரிந்த விடையைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே இன்னொரு கேள்வி கேட்டாள்: “குளவியைப் பார்த்துக்கிட்டே இருந்தா சம்பளமும் தருவாங்களா டீச்சர்?”

அவளுடைய இரண்டு கேள்விகளுக்கும் விடையாகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். நம் வகுப்பில் அப்படி ஒரு குழந்தை இன்றும் சன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

குளவி சொன்ன விடை

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் பெற்றவர் ராகவேந்திர கதக்கர். குளவிகளைக் கவனிப்பது முதலில் அவருக்குப் பொழுதுபோக்காக இருந்தது. பிறகு அதுவே வாழ்நாள் ஆய்வாயிற்று. அவர் ஆராய்ந்த குளவியின் அறிவியல் பெயர் ரோபாலிடியா மார்ஜினேட்டா. தென்னிந்தியாவில் சன்னல்களிலும் கூரை விளிம்புகளிலும் காகிதம் போன்ற கூடு கட்டி வாழும் சாதாரணக் குளவிதான்.

ஒரு கூட்டில் ஒரு ராணி மட்டுமே முட்டையிடுகிறது. மற்றவை இரை தேடுகின்றன, கூடு கட்டுகின்றன, குஞ்சுகளை வளர்க்கின்றன. வியப்பு என்னவென்றால், இந்த ராணி யாரையும் அதட்டுவதில்லை. கூட்டிலேயே சாதுவானவற்றுள் அதுவும் ஒன்று. ராணியை அகற்றிவிட்டால் சில நிமிடங்களிலேயே ஒரு வேலைக்காரக் குளவி மட்டும் திடீரென மற்றவற்றை விரட்டத் தொடங்குகிறது. ராணியைத் திருப்பி வைத்தால் அது பழையபடி அடங்கிவிடுகிறது. திருப்பி வைக்காவிட்டால், ஏறத்தாழ ஒரு வாரத்தில் அதுவே முட்டையிட்டுப் புதிய ராணியாகிவிடுகிறது. மற்றக் குளவிகள் அதை எதிர்த்துச் சண்டையிடுவதில்லை.

அப்படியானால் அடுத்த ராணி யார் என்பது குளவிகளுக்கு முன்பே தெரியுமா? கூட்டை இரண்டாக வெட்டி, நடுவில் கம்பிவலை வைத்துச் செய்த சோதனைகள், தெரியும் என்றே காட்டின. உருவத்தையோ சண்டைக் குணத்தையோ பார்த்து மனிதரால் அதை முன்கூட்டியே துல்லியமாகச் சொல்ல முடியவில்லை. ஒன்பதாம் வகுப்பு மாணவியின் ஊகம் சரியாகவே இருந்திருக்கிறது.

இந்த ஆய்வின் அடிப்படைக் கருவிகளைக் கவனியுங்கள்: குளவிகளை அடையாளம் காண உடலில் வைக்கும் வண்ணப்பொட்டு, கம்பிவலை, கடிகாரம், குறிப்பேடு, மிகுந்த பொறுமை. பெரும்பாலானவை நம் பள்ளியிலும் உண்டு.

நான்கு கேள்விகள்

விலங்கு நடத்தையியல் என்பது விலங்கு என்ன செய்கிறது, ஏன் செய்கிறது என்று ஆராயும் துறை. 1973இல் கார்ல் வான் ஃபிரிஷ், கொன்ராட் லோரன்ஸ், நிக்கோ டின்பெர்கன் ஆகிய மூவருக்கும் இத்துறைக்காக நோபல் பரிசு வழங்கப்பட்டது. எந்த நடத்தையையும் நான்கு கோணங்களில் கேட்க வேண்டும் என்று டின்பெர்கன் 1963இல் எழுதினார். குளவியை வைத்தே அவற்றைச் சொல்லலாம். ராணி இருப்பதை மற்றவை எதன் மூலம் அறிகின்றன? அந்தத் திறன் பிறவியிலேயே வருகிறதா, வளரும்போது வருகிறதா? அதனால் குளவிக்கு என்ன பயன்? தலைமுறை தலைமுறையாக அது எப்படித் தோன்றி மாறி வந்தது?

கடைசி இரண்டு கேள்விகளும் பரிணாமச் சூழலியலின் வாசல். தான் முட்டையிடாமல் பிறர் குஞ்சை வளர்க்கும் ஒரு குணம் எப்படி அழியாமல் நிலைத்தது? உறவினருக்கு உதவும்போது, தன்னோடு பொதுவாக உள்ள மரபணுக்களே அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றன என்று 1964இல் டபிள்யூ.டி. ஹாமில்டன் கணக்கு வடிவில் விளக்கினார். பத்தாம் வகுப்பில் பரிணாமப் பாடம் நடத்தும்போது ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தோடு நின்றுவிடாமல் இந்தக் குளவியையும் சொல்லலாம்.

“கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்” என்பது நாம் கேட்டு வளர்ந்த பழமொழி. மண்கூடு கட்டும் சில குளவிகள் புழுவைக் கொட்டி, செயலிழக்கச் செய்து கூட்டுக்குள் வைக்கின்றன. அதனுடன் முட்டையும் இடுகின்றன. முட்டையிலிருந்து வரும் இளம்புழு அந்த இரையைத் தின்று வளர்ந்து குளவியாக வெளியே வருகிறது. நம் முன்னோர் பார்த்ததில் பிழையில்லை. புழு உள்ளே போனதும் குளவி வெளியே வந்ததும் உண்மை. இடையில் நடந்ததைக் காணத்தான் தொடர்ந்த கவனிப்பு தேவைப்பட்டது. வேட்டைக் குளவிகளை அப்படிக் கவனித்துப் பெயர் பெற்ற பிரான்சு நாட்டு ழான் ஆன்ரி ஃபேபர், பல ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பது நமக்குப் பெருமை.

மதுரைக் குகையும் நம் மலையும்

இது பெங்களூரில் மட்டும் நடக்கும் வேலை என்று எண்ண வேண்டாம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் ஜி. மாரிமுத்து முதலிய அவருடைய மாணவர்களும் வௌவால்களின் உடல் கடிகாரத்தை ஆராய்ந்தார்கள். வெளிச்சம் எட்டாத குகைக்குள் ஒரு வௌவாலைக் கூண்டில் வைத்தார்கள். அதே குகையில் வாழும் மற்ற வௌவால்கள் மாலையில் வெளியேறி, விடியுமுன் திரும்பின. சூரியனையே பார்க்காத கூண்டு வௌவாலும் அதே நேரத்தில் விழித்து, அதே நேரத்தில் ஓய்ந்தது. வேறு வௌவால்கள் இல்லாத குகையில் அந்த ஒத்திசைவு குலைந்தது. கூட்டத்தின் நடமாட்டமே அதற்குக் கடிகாரமாக இருந்தது என்ற இந்த முடிவு 1981இல் வெளியாகி உலக அளவில் கவனம் பெற்றது.

கடையநல்லூரிலிருந்து மேற்கே பார்த்தால் தெரியும் மலை, 2015இல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்கு சரணாலயத்தைச் சேர்ந்தது. தெற்கே, தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகமான களக்காடு முண்டந்துறை 1988 முதல் இருக்கிறது. அங்கே வாழும் சிங்கவால் குரங்குகளை ஆராய 1970களிலேயே வெளிநாட்டிலிருந்து ஆய்வாளர்கள் வந்தார்கள். மணிமுத்தாறில் ஏட்ரீ என்னும் ஆய்வு நிறுவனத்தின் அகத்தியமலை மையம் இயங்குகிறது. தாமிரபரணிக் குளங்களில் அது நடத்தும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் மாணவர்களும் பங்கேற்கிறார்கள்.

நம் மலையடிவார ஊர்களில் யானை இறங்கித் தென்னையைச் சாய்ப்பது புதிய செய்தியன்று. நம் வகுப்புப் பிள்ளைகள் சிலருடைய வீட்டுக் கவலை அது. வால்பாறையில் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் எம். ஆனந்தகுமார் குழுவினர் யானைகளின் நடமாட்டத்தைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். யானை நிற்கும் இடத்தை மக்களுக்குக் குறுஞ்செய்தியாகவும் குரல் அழைப்பாகவும் சிவப்பு எச்சரிக்கை விளக்காகவும் தெரிவிக்கும் ஏற்பாட்டை உருவாக்கினார்கள். இப்பணிக்காக 2015இல் அவருக்கு விட்லி விருது கிடைத்தது. யானை எங்கே போகும், எப்போது போகும் என்று அறிவது மனித உயிரையும் காக்கிறது. விலங்கு நடத்தையியலின் பயன் என்ன என்று கேட்கும் பெற்றோருக்கு இதுவே போதுமான விடை.

என்ன படிக்க வேண்டும்?

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் இரண்டு பாதைகள் உண்டு.

முதலாவது, ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்கள். திருப்பதி, திருவனந்தபுரம், புனே உள்ளிட்ட ஏழு இடங்களில் உள்ளன. பள்ளி முடித்தவுடன் சேரக்கூடிய ஐந்தாண்டுப் படிப்பு அங்கே உண்டு. இதற்கான நுழைவுத்தேர்வு ஐசர் திறனறித் தேர்வு. அதில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் என்னும் நான்கு பாடங்களிலிருந்தும் வினாக்கள் வரும். உயிரியலோடு கணிதமும் படிக்கும் பிரிவு மாணவர்களுக்கு இது ஏற்றது. நீட் தேர்வுக்குப் படிக்கும் மாணவரும் கூடுதல் முயற்சியோடு இதை எழுதலாம்.

இரண்டாவது, அருகிலுள்ள கல்லூரியில் விலங்கியல், தாவரவியல் போன்ற பாடத்தில் இளநிலைப் பட்டம் பெற்று, முதுநிலையில் இத்துறைக்கு மாறுவது. மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் உதகை அரசு கலைக் கல்லூரியிலும் வனவிலங்கு உயிரியல் முதுநிலைப் படிப்பு உண்டு. டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனமும் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையமும் நடத்தும் முதுநிலைப் படிப்புகள் நாடறிந்தவை. கோவை சலீம் அலி பறவையியல் மையமும் 2023 முதல் டேராடூன் நிறுவனத்தோடு இணைந்துள்ளது. ஆய்வுப் பட்டத்துக்கு இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் அறிவியல் மையம், பெங்களூரு ஜவகர்லால் நேரு உயர் ஆய்வு மையம் ஆகியவை முக்கியமானவை.

கணிதத்தில் ஆர்வமுள்ள மாணவருக்கும் இங்கே இடமுண்டு. ஆயிரக்கணக்கான பதிவுகளிலிருந்து ஒழுங்கைக் கண்டறியப் புள்ளியியலும் கணினி நிரலும் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். சேர்க்கை விதிகளும் கட்டணமும் ஆண்டுதோறும் மாறக்கூடும். அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தைப் பார்த்த பிறகே மாணவருக்குச் சொல்லுங்கள்.

சம்பளம் தருவார்களா?

தருவார்கள். மத்திய அரசின் நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்று ஆய்வில் சேர்பவருக்கு, 2023 ஜனவரி முதல் மாதம் ரூ.37,000 என்று நிர்ணயிக்கப்பட்டது. வீட்டு வாடகைப்படி தனி. படிக்கும் காலத்திலேயே கிடைக்கும் தொகை இது என்பதைப் பல பெற்றோர் அறியமாட்டார்கள்.

அதன்பின் கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியப் பணி, ஆய்வு நிறுவனங்கள், புலிகள் காப்பகங்களிலும் உயிரியல் பூங்காக்களிலும் உயிரியலாளர் பணி, தொண்டு நிறுவனங்கள், அறிவியல் எழுத்து என்று வழிகள் உண்டு. வனத்துறையில் நுழைய விரும்புவோருக்கு இந்திய வனப்பணித் தேர்வும், தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகளும் உள்ளன. 2024 முதல் வனக்காப்பாளர், வனக்காவலர் பணியிடங்கள் குரூப் 4 தேர்விலேயே சேர்க்கப்பட்டுள்ளன.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. பல வேலைகள் திட்டம் முடியும் வரைக்கும் உள்ள ஒப்பந்தப் பணிகள். முனைவர் பட்டத்துக்கு ஐந்தாண்டோ அதற்கு மேலோ ஆகலாம். கடன் சுமையுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்லாமல் ஆசை மட்டும் காட்டுவது தவறு. பட்டத்தோடு கல்வியியலையும் முடித்து வைத்துக்கொள்வது, போட்டித்தேர்வுக்கும் படிப்பது போன்ற மாற்று வழிகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வகுப்பறையில் தொடங்கலாம்

தொடக்கப்பள்ளியிலேயே இதைத் தொடங்கலாம். காகம், அணில், எறும்பு, தவிட்டுக்குருவி, ஆடு என்று எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இருபது நிமிடம். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அது என்ன செய்கிறது என்று மட்டும் குறிக்க வேண்டும்: தின்கிறது, நடக்கிறது, ஓய்கிறது, சண்டையிடுகிறது, மற்றவை. பத்துப் பதிவுகள் கிடைக்கும். மேல்வகுப்பில் அதையே சதவீதமாகவும் பட்டை வரைபடமாகவும் மாற்றலாம்.

ஒரு விதி மட்டும் கண்டிப்பு. கண்டதை எழுத வேண்டும். ஊகத்தைத் தனியே எழுத வேண்டும். “காகம் கோபமாக இருந்தது” என்பது ஊகம். “காகம் மூன்று முறை கரைந்தது, பிறகு நாயின் வாலைக் கொத்தியது” என்பது பதிவு. இந்த வேறுபாட்டைக் குழந்தை உணர்ந்துவிட்டால் அறிவியலின் பாதி வந்துவிட்டது.

எறும்புப் புற்றருகே வெல்லம், உப்பு, அரிசிக் குருணை மூன்றையும் சம தூரத்தில் வையுங்கள். எதற்கு முதலில் எறும்பு வரும் என்று முன்கூட்டியே எழுதச் சொல்லிவிட்டு எண்ணச் சொல்லுங்கள். சனவரியில் பொங்கலையொட்டி நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பிலும் பள்ளியாகக் கலந்துகொள்ளலாம். பாதுகாப்பு முக்கியம்: குளவிக்கூட்டின் அருகே செல்லக்கூடாது, வௌவாலையோ பாம்பையோ தொடக்கூடாது, எந்த உயிரையும் பிடித்து அடைக்கக்கூடாது.

எங்கள் பள்ளியில் பயன்பாட்டில் இல்லாத மோட்டார் அறையின் சன்னலில் இப்போது ஒரு குளவிக்கூடு இருக்கிறது. பிள்ளைகள் நடமாடாத இடம் என்பதால் தலைமையாசிரியரிடம் சொல்லி எரிக்காமல் விட்டிருக்கிறோம். தள்ளி நின்று பார்க்கச் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறேன். சென்ற வாரம் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், “மழை பெய்யும்போது கூட்டுக்குள்ள வர்ற தண்ணிய என்ன பண்ணும் டீச்சர்?” என்று கேட்டான்.

“எனக்குத் தெரியாது. அடுத்த மழைக்குப் பார்த்து எழுதிக் கொண்டுவா” என்றேன்.