அஸ்திவாரம் உறுதிதானா?

துப்பாக்கி என்றதும் நேயர்கள் திடுக்கிட வேண்டாம். சுடக் கற்றுக்கொடுக்க நான் வரவில்லை. அது ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயரால் ஆகிற காரியமும் அன்று. எளிய பொருள் ஒன்றை வாங்கி, கையில் பணம் சேரச் சேர அதைச் சிறுகச் சிறுகச் சீர்திருத்திக் கொள்வதில் அமெரிக்க வேட்டைக்காரர்கள் கற்ற பாடம் ஒன்று உண்டு. அதையே இங்கே சொல்லப் புகுந்தேன்.

1914-18 மகா யுத்தத்திற்குப் பிறகு அந்நாட்டார் பலர் பட்டாளத்துத் துப்பாக்கியை வாங்கி வேட்டைக்கு ஏற்றபடி மாற்றலாயினர். அவற்றுள் பெயர் பெற்றது ஸ்பிரிங்பீல்டு ஆயுதசாலையின் 1903-ஆம் வருஷத்து மாதிரி. ஒரு வருஷம் கனத்த மரக்கட்டையைக் கழற்றி இலேசான கட்டை பொருத்துவார்கள். மறு வருஷம் விசையைச் செம்மை செய்வார்கள். பிறகு தூரதிருஷ்டிக் கண்ணாடி வரும். கடைசியில் குழலையே மாற்றுவார்கள்.

மாறாமல் நிற்பது ஒன்றே ஒன்று. குழலைத் திருகி இறுக்குவதும், போல்ட் ஓடிப் பூட்டிக்கொள்வதுமான எஃகுக் கூடு அது, ரிஸீவர் என்பர். தோட்டா வெடிக்கும்போது சதுர அங்குலத்திற்குச் சுமார் 50,000 ராத்தல் அழுத்தம் எழும்புகிறது. அதைத் தாங்கும் பொறுப்பில் பெரும்பங்கு அந்தக் கூட்டுக்கே உரியது. 1968-ஆம் வருஷத்து அமெரிக்கச் சட்டமும் அதனையே துப்பாக்கியாகக் கருதுகிறது.

இங்கேதான் ஆபத்து ஒளிந்திருந்தது. 1917-இல் சில ஸ்பிரிங்பீல்டு துப்பாக்கிகள் சுடுகிறவன் முகத்தருகிலேயே வெடித்துச் சிதறின. விசாரித்ததில் உண்மை வெளிப்பட்டது. உலையில் எஃகு போதிய அளவு பழுத்துவிட்டதா என்பதைத் தொழிலாளிகள் கண்ணால் பார்த்தே நிதானித்து வந்தார்கள். வெயில் பளிச்சென்று அடிக்கும் நாளில் பழுத்த இரும்பின் நிறம் மங்கித் தோன்றும். ஆகவே அளவுக்கு மிஞ்சிக் காய்ச்சிவிட்டார்கள். அவ்விரும்பு கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை பெற்றது. 1918-இல் முறையை மாற்றினார்கள். அந்த ஆயுதசாலையின் 8,00,000-க்குக் குறைந்த எண்ணுள்ள துப்பாக்கிகளைச் சுடலாகாதென்று இன்றும் விஷயமறிந்தவர்கள் எச்சரிக்கிறார்கள். அத்தகைய கூட்டின்மேல் எத்தனை அழகான மரக்கட்டையை இழைத்து வைத்து என்ன பயன்?

நல்ல அடிப்படைக்கு உதாரணம் ஜெர்மனியின் 1898-ஆம் வருஷத்து மௌஸர். முன்னால் இரண்டு பூட்டுகள் இருக்க, அவை கைவிட்டால் காப்பதற்கென்று பின்னால் மூன்றாவதொன்றும், ஆவி தப்பிப் போகத் துவாரங்களும் அதில் அமைந்தன. குமாவோன் பிரதேசத்தில் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக 1907-இல் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்த ரிக்பி துப்பாக்கி, இந்த மௌஸர் அமைப்பின்மேல் எழுந்ததே. 1962-இல் வந்த ரெமிங்டன் 700-இன் கூடு உருண்டை வடிவினது. கடைசல் இயந்திரத்தில் திருத்துவது சுலபம். அதற்கு இசைந்த உறுப்புகளைப் பலரும் செய்யலாயினர்.

ஆகவே, வாங்குகிறவன் மெருகைப் பாராமல் முதலில் எண்ணைப் பார்க்க வேண்டும். அனுபவமுள்ள துப்பாக்கித் தொழிலாளியிடம் காட்டிக் கூட்டைப் பரிசோதிக்க வேண்டும். மற்றவற்றை அடுத்த வருஷம் மாற்றிக் கொள்ளலாம். இழந்த கண்ணை எந்த வருஷமும் மாற்ற முடியாது.