இடுப்புக் கச்சையில் ஒரு சிற்பம்

கிமோனோவுக்குச் சட்டைப்பை கிடையாது. புகையிலை, மருந்து, முத்திரை என்று எதை எடுத்துச் செல்வதானாலும் எடோ காலத்து (1603–1868) ஜப்பானிய ஆண்களுக்கு வேறு வழி தேவைப்பட்டது. நம் பாட்டிமார் சுருக்குப்பையை இடுப்பில் செருகிக்கொண்டதுபோல, அவர்கள் சிறு பையையோ அடுக்குச் சிமிழையோ ‘ஓபி’ என்னும் இடுப்புக் கச்சையிலிருந்து கயிற்றில் தொங்கவிட்டார்கள். கயிறு நழுவாதிருக்க, அதன் மேல்நுனியில் ஒரு கட்டையைக் கோத்துக் கச்சைக்கு மேலே நிறுத்தினார்கள்.

அந்தக் கட்டைதான் நெட்சுகே.

‘நெ’ என்றால் வேர். ‘ட்சுகே’ என்றால் பொருத்துவது. தொடக்கத்தில் மரவேர்த் துண்டுகளே இந்த வேலைக்குப் பயன்பட்டதால் வந்த பெயர் என்று சொல்வதுண்டு. பேச்சில் நடுவிலுள்ள உகரம் கரைந்து ‘நெட்ஸ்கே’ என்றே ஒலிக்கும்.

ஆடை அணிகளில் ஆடம்பரம் கூடாதென அரசு கட்டுப்பாடுகள் விதித்திருந்த காலம் அது. பணம் புரண்ட வணிகர்களுக்குத் தங்கள் ரசனையைக் காட்ட இந்தச் சிறு கட்டை வாகாக அமைந்தது. தந்தத்திலும் மரத்திலும் மான்கொம்பிலும் எலி, எருது, துறவி, பேய் எனச் சிற்பிகள் செதுக்கித் தள்ளினார்கள். பெரும்பாலானவை உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

ஆனால் செய்யும் வேலைக்கு ஏற்பவே உருவம் அமைய வேண்டும். கூர்முனை நீட்டிக்கொண்டிருந்தால் பட்டுத்துணி கிழியும். அதனால் முயலின் காது முதுகோடு படிந்திருக்கும். மேயும் குதிரை நான்கு கால்களையும் ஒன்றாக ஒடுக்கிக்கொள்ளும். கயிறு நுழைய இரண்டு துளைகள் வேண்டும். தேர்ந்த கைகள் துளையிடாமல், சிற்பத்தின் கைகால் இடுக்கையே துளையாக்கிவிடும். கண்ணில் படாத அடிப்பக்கத்திலும் செதுக்கல் குறையாது.

1781இல் ஒசாக்காவில் வெளியான ‘சோகென் கிஷோ’ என்ற நூல் ஐம்பதுக்கும் மேற்பட்ட நெட்சுகே சிற்பிகளைப் பட்டியலிட்டது. கியோட்டோவின் தொமோததா செதுக்கிய எருதுகளுக்கு அப்போதே போலிகள் உலவின.

எடோ காலத்தை அடுத்த மெய்ஜி ஆட்சியில் மேலைநாட்டு உடை வந்தது. அதோடு சட்டைப்பையும் வந்தது. வேலையிழந்த நெட்சுகேகள் கப்பலேறி ஐரோப்பியச் சேகரிப்பாளர்களின் கண்ணாடி அலமாரிகளில் குடியேறின. பாரிஸில் சார்ல் எஃப்ருஸி வாங்கிய 264 நெட்சுகேகள் பிறகு வியன்னாவிலிருந்த உறவினருக்குத் திருமணப் பரிசாகப் போயின. 1938இல் நாஜிகள் அந்த யூதக் குடும்பத்தின் மாளிகையைப் பறித்தபோது, பணிப்பெண் அன்னா அவற்றைத் தன் மெத்தைக்குள் ஒளித்துக் காப்பாற்றினார். அந்தக் குடும்பத்தின் வாரிசான எட்மண்ட் டி வால், 2010இல் வந்த தம் நூலில் இந்தக் கதையை எழுதினார்.

கைபேசியிலும் பணப்பையிலும் கோத்துத் தொங்கவிடும் சிறு பொம்மைகளை இன்றும் ஜப்பானியக் கடைகளில் ‘நெட்சுகே’ என்றே விற்கிறார்கள்.