தாராவி: நிலம் பொதுச்சொத்து, ஆதாயம் யாருக்கு?

மும்பையில் மாகிம் ரயில் நிலையத்துக்கும் சயான், மாட்டுங்கா நிலையங்களுக்கும் இடையே சுமார் 600 ஏக்கர் பரப்பில் விரிந்து கிடக்கிறது தாராவி. வடக்கே மித்தி ஆற்றைக் கடந்தால் பாந்த்ரா-குர்லா வளாகம். தேசியப் பங்குச் சந்தையும் பெரும் வங்கிகளின் தலைமையகங்களும் அங்கே நிமிர்ந்து நிற்கின்றன. தாராவியின் இன்றைய சிக்கலுக்கு இந்த அண்டை வீடுதான் காரணம். சதுப்பாகக் கிடந்தபோது எவரும் ஏறெடுத்துப் பாராத மண், இன்று நாட்டிலேயே மிக விலையுயர்ந்த நிலங்களில் ஒன்று.

அந்தச் சதுப்பை மண்கொட்டி மேடாக்கியவர்கள் உழைப்பாளிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோல் பதனிடும் தொழில் இங்கே வேரூன்றியது. அதை நம்பி நெல்லைச் சீமையிலிருந்து தமிழர்கள் வந்தனர். சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் கும்பார்வாடாவை உருவாக்கினர். தையல், மறுசுழற்சி, தோல்பொருள் எனச் சிறு பட்டறைகள் சந்துக்குச் சந்து பெருகின. விடியுமுன் இட்லி அவித்து நகரெங்கும் கொண்டுசென்று விற்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் தாராவிதான் சமையற்கூடம். இங்கே வீடு வேறு, தொழிற்கூடம் வேறு அல்ல.

ஏலத்தின் கதை

தாராவியைச் சீரமைக்கும் பேச்சு புதிதன்று. 1985இல் பிரதமர் ராஜீவ் காந்தி மும்பைக்கு 100 கோடி ரூபாய் அறிவித்தபோது அதில் ஒரு பகுதி தாராவிக்கு ஒதுக்கப்பட்டது. அன்று அது அரசின் பொறுப்பு. 1995இல் குடிசை மறுவாழ்வு ஆணையம் அமைக்கப்பட்டபின் நிலைமை மாறியது. குடிசைவாசிக்கு இலவச வீடு கட்டித்தரும் ஒப்பந்ததாரர், எஞ்சிய இடத்தில் விற்பனைக்கான அடுக்ககங்களை எழுப்பிக்கொள்ளலாம் என்பதே புதிய ஏற்பாடு. ஏழையின் வீடு, ஒப்பந்ததாரரின் லாபக் கணக்கில் ஒரு செலவினமாகிப் போனது.

2004இல் மகாராஷ்டிர அரசு தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2007இல் கோரப்பட்ட உலகளாவிய ஒப்பந்தப்புள்ளிகள் 2011இல் கைவிடப்பட்டன. 2019 ஜனவரியில் திறக்கப்பட்ட ஒப்பந்தப்புள்ளியில் செக்லிங்க் நிறுவனம் 7,200 கோடி ரூபாயும், அதானி குழுமம் 4,539 கோடி ரூபாயும் கேட்டிருந்தன. ரயில்வே நிலம் திட்டத்தில் சேர்ந்ததால் நிபந்தனைகள் மாறிவிட்டன என்று கூறி 2020இல் அது ரத்து செய்யப்பட்டது. 2022 நவம்பரில் நடந்த புதிய ஏலத்தில் 5,069 கோடி ரூபாய்க்கு அதானி குழுமம் வென்றது. செக்லிங்க் தொடுத்த வழக்கை 2024 டிசம்பரில் மும்பை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டில் நோட்டீஸ் அனுப்பிய உச்சநீதிமன்றம், 2025 மார்ச்சில் பணிகளுக்குத் தடை விதிக்க மறுத்துவிட்டது.

ஆனால் ஏலத்தில் வென்றது யார் என்பதைவிட, ஏலம் விடப்பட்டது எது என்பதே அடிப்படைக் கேள்வி. தாராவி நிலத்தின் பெரும்பகுதி மாநகராட்சி, மாநில அரசு, ரயில்வே ஆகியவற்றுக்குச் சொந்தமானது. திட்டத்தை நிறைவேற்றும் நிறுவனத்திலோ 80 விழுக்காடு பங்கு அதானி குழுமத்துக்கு. 20 விழுக்காடுதான் அரசுக்கு.

உள்ளே யார், வெளியே யார்?

2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதை நிரூபிப்போருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி இலவச வீடு உண்டு. அதற்குப்பின் 2011 வரை வந்தோருக்கு இரண்டரை லட்சம் ரூபாய்க்கு 300 சதுர அடி வீடு. அதுவும் தாராவிக்கு வெளியே. அதன்பின் வந்தோரும் மாடிகளில் வசிப்போரும் வாடகைத் தவணைத் திட்டத்தில் வெளியே செல்ல வேண்டும். ஒரே சுவருக்குள் வாழும் குடும்பங்களை ஒரு தேதியும் ஓர் ஏணியும் பிரிக்கின்றன.

வெளியே என்றால் எங்கே? காஞ்சுர்மார்க், பாண்டுப், முலுண்ட் பகுதிகளின் உப்பள நிலங்கள் சுமார் 256 ஏக்கர்; தேவனார் குப்பைமேட்டில் 124 ஏக்கர். 1927 முதல் மும்பையின் கழிவைச் சுமந்துவரும் இடம் தேவனார். மூடப்பட்ட குப்பைக் கிடங்கின் மீது குடியிருப்பு கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. அங்குள்ள 185 லட்சம் டன் கழிவை அகற்ற 2,368 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஒப்பந்தப்புள்ளி கோரியிருப்பது மாநகராட்சி. அதாவது, அந்தச் செலவு பொதுப்பணம்.

இதன் விளைவு எப்படியிருக்கும் என்பதைச் செம்பூரை அடுத்த மாஹுல் ஏற்கெனவே காட்டிவிட்டது. தான்சா குடிநீர்க் குழாய்ப் பாதையோரம் அகற்றப்பட்டவர்கள் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் நடுவே குடியமர்த்தப்பட்டனர். அங்குள்ள காற்று மக்களின் உடல்நலத்துக்கு அச்சுறுத்தல் என்று 2015இலேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கூறியிருந்தது. நீண்ட போராட்டத்துக்குப்பின், மாற்று வீடு தரும்வரை மாதம் 15,000 ரூபாய் வாடகை வழங்குமாறு 2019இல் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. சென்னைவாசிகளுக்குக் கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் சொல்லும் பாடமும் இதுவே. வீடு கிடைத்தது, வேலை தொலைந்தது. முதலாளித்துவம் வீட்டுப் பிரச்சனையைத் தீர்ப்பதில்லை, இடம் மாற்றுகிறது என்று 1872இல் எங்கெல்ஸ் வாதிட்டது ஐரோப்பிய நகரங்களைப் பார்த்துத்தான்.

மாட்டுங்காவுக்கு என்ன கவலை?

மாட்டுங்கா, செம்பூரின் நடுத்தரத் தமிழர்கள் இதைக் குடிசைவாசிகளின் பிரச்சனை என்று ஒதுக்கிவிட முடியாது. டி.டி.ஆர். எனப்படும் கட்டுமான உரிமையை வாங்கும் மும்பைக் கட்டுமான நிறுவனங்கள், அதில் முதல் 40 விழுக்காட்டைத் தாராவித் திட்டத்திடமிருந்தே வாங்க வேண்டும் என 2023 நவம்பரில் அரசு அறிவித்தது. விலைக்கு உச்சவரம்பு உண்டு என்கிறது அரசு. ஆயினும், நகரின் எந்த மூலையில் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டினாலும் ஒரே நிறுவனத்தின் வாசலில் நிற்கும் நிலை உருவாகிறது. அந்தச் சுமை கடைசியில் வீடு வாங்குபவரின் தலையில்தான் இறங்கும். மாட்டுங்காவில் பிறந்த பிள்ளைகள் டோம்பிவிலிக்கும் அதற்கு அப்பாலும் வீடு தேடிப் போவதற்கும், தாராவித் தொழிலாளி தேவனாருக்குத் தள்ளப்படுவதற்கும் மூலம் ஒன்றே: குடியிருக்கும் இடம், வாங்கி விற்கும் சரக்காக மாறியது.

மாற்றுவழி இல்லாமலில்லை. தாராவியின் ஒரு பிரிவில் மகாராஷ்டிர வீட்டுவசதி வாரியமான மஹாடாவே அடுக்குமாடிக் கட்டடம் கட்டிக் குடும்பங்களைக் குடியமர்த்தியிருக்கிறது. ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் மக்களில் சுமார் பாதிப்பேர் நகராட்சி வீடுகளிலோ அரசு மானியம் பெற்ற வீடுகளிலோ வாழ்கின்றனர். 2021 செப்டம்பரில் பெர்லின் நகர வாக்காளர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், பெருநிறுவனங்களின் வாடகை வீடுகளைப் பொதுவுடைமையாக்க ஆதரவாக வாக்களித்தனர். பொது நிலத்தில் பொது நிறுவனம் வீடு கட்டுவது கனவன்று. அரசின் மனம்தான் தேவை.

தாராவி பச்சாவ் ஆந்தோலன் என்ற கூட்டமைப்பின் கோரிக்கை எளியது. தகுதி, தேதி, மாடி என்று பிரிக்காமல் அனைவருக்கும் தாராவியிலேயே வீடும் தொழிற்கூடமும் வேண்டும். வளர்ச்சி வேண்டாமென்று அங்கே எவரும் கூறவில்லை. கழிப்பறையும் காற்றோட்டமும் குடிநீரும் வேண்டுமென்று தலைமுறைகளாகக் கேட்டுவருபவர்கள் அவர்கள்தாம். வாழ்வாதார உரிமை வாழும் உரிமையின் பகுதியே என்று 1985இல் உச்சநீதிமன்றம் கூறியது, இதே மும்பையின் நடைபாதைவாசிகள் தொடுத்த வழக்கில்தான். சதுப்பை மேடாக்கியவர்களுக்கு அந்த மேட்டில் இடமுண்டா என்பதற்கு மும்பையும் தில்லியும் பதில் கூறியாக வேண்டும்.