இரு படிகங்களின் எல்லையில்

வெற்றிலை பச்சை, சுண்ணாம்பு வெள்ளை. பாக்குடன் இவை கூடியதும், தனித்தனியே இருந்தபோது காணாத சிவப்பு தோன்றுகிறது. சேர்க்கையில் பிறக்கும் குணம் தனிப்பொருளில் இருக்க வேண்டுவதில்லை என்பதை நாம் தாம்பூலத் தட்டிலேயே கற்றுவிடுகிறோம். படிகங்களிலும் இவ்வுண்மை விளங்கக் காணலாம்.

உலோகங்கள் ஆக்ஸிஜனுடன் சேர்ந்து உண்டாகும் பொருள்கள் ஆக்ஸைடுகள் எனப்படும். இரும்பின் துருவும் ஓர் ஆக்ஸைடே. ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட், லாந்தனம் அலுமினேட் என்பன இவ்வினத்தைச் சேர்ந்த இரு படிகங்கள். இரண்டும் மின்சாரத்தைக் கடத்தா. இரண்டும் காந்தங்கள் அல்ல. எனினும், 2004-ஆம் ஆண்டில் ஓட்டோமோ, ஹுவாங் என்னும் விஞ்ஞானிகள் முன்னதன் மீது பின்னதை மெல்லிய படலமாகப் படியவைத்தபோது, இரண்டும் சந்திக்கும் எல்லையில் மின்சாரம் ஓடக் கண்டார்கள். இவ்வெல்லையை ‘இடைமுகம்’ என்று வழங்குவோம்.

இஃது எவ்வாறு நேர்ந்தது? அலுமினேட்டின் அணுத்தளங்கள் மாறி மாறி நேர்மின்னேற்றமும் எதிர்மின்னேற்றமும் உடையவை. டைட்டனேட்டின் தளங்களுக்கோ மின்னேற்றம் இல்லை. ஆகவே, மேற்படலம் தடிக்கத் தடிக்க அதனுள் மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. அதைத் தணிக்கவே எலக்ட்ரான்கள் இடைமுகத்துக்கு இறங்கி வந்து, டைட்டேனியம் அணுக்களிடம் தங்குகின்றன என்பது ஒரு விளக்கம். படலம் படிகத்தின் நான்கு அடிப்படை அலகுகள் அளவுக்குத் தடித்த பின்னரே மின்கடத்தல் தோன்றுகிறது என்று 2006-இல் கண்டது இதற்கு அரண் செய்கிறது. அத்தடிப்பு, ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஏறக்குறைய ஒன்றரைக் கூறேயாகும்!

மற்றொரு சாரார் இவ்விளக்கம் போதாது என்பர். படலம் படியும்போது அடிப்படிகம் ஆக்ஸிஜன் அணுக்கள் சிலவற்றை இழந்தால், அக்குறையும் எலக்ட்ரான்களைத் தரும் என்பது அவர்கள் வாதம். ஆக்ஸிஜன் குறைந்த சூழலில் செய்த மாதிரிகளில் இஃது உண்மையே. ஆனால், பின்னர் ஆக்ஸிஜனில் சூடேற்றிக் குறையைப் போக்கிய மாதிரிகளிலும் மின்கடத்தல் எஞ்சி நிற்கிறது.

வியப்பு இத்துடன் முடியவில்லை. 2007-இல் ஒரு குழுவினர் இவ்விடைமுகத்தில் காந்தத்தன்மையின் அறிகுறிகளைக் கண்டனர். அதே ஆண்டில் வேறொரு குழுவினர், ஏறக்குறைய 0.2 கெல்வின் என்னும் கடுங்குளிரில் அது மின்தடையே இல்லாத மீக்கடத்தியாவதைக் கண்டனர். காந்தமும் மீக்கடத்தலும் பொதுவாக ஒன்றையொன்று பொறா. அவ்விரண்டும் ஒரே மாதிரியில் அருகருகே இருப்பதை 2011-இல் சோதனைகள் காட்டின. காந்தம் ஆங்காங்கே திட்டுத்திட்டாக இருந்தது. அதே ஆண்டில் நியூட்ரான்களைக் கொண்டு அளந்தவர்களோ, காந்தம் இருப்பினும் அது மிக மிகச் சொற்பமே என்றார்கள்.

இவ்வாராய்ச்சியால் பயன் என்ன? இடைமுகத்தின் மின்னோட்டத்தை வெளியிலிருந்து தரும் மின்னழுத்தத்தால் திறக்கவும் அடைக்கவும் இயலும். கணிப்பொறிகளில் சிலிக்கான் செய்யும் பணியும் இதுவே. ஆனால், ஒரு குணம் இடைமுகத்துக்கே உரியதா, செய்முறையில் நேர்ந்த குறையால் வந்ததா என்று தெளியாமல் அதை நம்பிக் கருவி அமைத்தல் ஆகாது. வாய் சிவந்ததை எவரும் காண்பர். சிவப்பின் காரணத்தைப் பிரித்தறிவதே விஞ்ஞானத்தின் கடமை.