‘ரவுண்டு’ என்னும் சொல்லும் தமிழின் திரட்சிச் சொற்களும்: நெய்யாற்றின்கரை எல்லையோர வழக்கை முன்வைத்து

ஆங்கிலத்தில் அன்றாடம் பயிலும் ‘ரவுண்டு’ என்னும் சொல் பொருட்பரப்பு மிக்கதாகும். இலத்தீனில் சக்கரத்தைக் குறிக்கும் ‘ரோட்டா’ என்பதனோடு உறவுடைய ‘ரொட்டுண்டஸ்’ என்னும் சொல், பழைய பிரெஞ்சின் வழியாக ஆங்கிலம் புகுந்து இவ்வடிவம் பெற்றது. தட்டும், பந்தும், தூணும் ஆங்கிலத்தில் ஒருங்கே ‘ரவுண்டு’தான். தமிழ் இம்மூன்றனையும் பிரித்தே காண்கிறது. தட்டு வட்டமானது, பந்து உருண்டையானது, தூண் உருளை வடிவினது. வடிவத்தைக் கடந்த பொருள்களிலும் இப்பிரிவினை தொடர்கிறது. 1930 முதல் 1932 வரை இலண்டனில் கூடிய மாநாடு ‘வட்டமேசை’ மாநாடு எனப்பட்டது. விளையாட்டுப் போட்டியில் வருவதும், காவலர் துப்பாக்கியால் சுடும்போது எண்ணுவதும் ‘சுற்று’ ஆகும். ஆங்கிலச் சொல் ஒன்றற்குத் தமிழில் நேர்ச்சொல் ஒன்று தேடுவோர் இங்கு ஏமாற்றமே அடைவர்.

ஆங்கிலச் சொல்லும் தமிழ்ப் பேச்சில் இடம்பெறாமல் இல்லை. சாலைச் சந்திப்பு ‘ரவுண்டானா’ ஆகிறது. மருத்துவமனைகளில் மருத்துவர் ‘ரவுண்ட்ஸ்’ வருகிறார். மருத்துவக் கல்லூரி ஒன்று அமைந்துள்ள காரக்கோணத்தில் தமிழரும் மலையாளியரும் வேறுபாடின்றிப் பயன்படுத்தத்தக்க சொல் இதுவாகும். ஆயின் இவ்வூரையும் பாறசாலை, களியக்காவிளை ஆகிய எல்லையோர ஊர்களையும் மொழியாய்வுக்குரியன ஆக்குவது ஆங்கிலக் கடன்சொல் அன்று. இருமொழிக்கும் பொதுவான வேர்ச்சொற்கள் எல்லைக்கு இருபுறமும் வெவ்வேறு பொருளில் நிலைபெற்றுள்ளமையே ஆகும்.

திருவிதாங்கூர்த் தமிழர் தாய்த் தமிழகத்தோடு இணைய வேண்டிக் கோரிய பகுதிகளுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதன்பின் ஒரே பேச்சுவழக்குடைய மக்கள் இருவேறு பாடநூல்களைப் படிக்கலாயினர்.

உருள் என்னும் வேரினின்று உருளை, உருளி, உருண்டை ஆகியன பிறந்தன. இவற்றிற்கு அடிப்படை வடிவம் அன்று, இயக்கமே ஆகும். உருளக்கூடியது எதுவாயினும் உருளை எனப்பட்டது. இன்றைய தமிழ்க் கணிதப் பாடநூல் உருளை என்பதனைத் தூண்போன்ற ஒரு திண்மத்திற்கு மட்டும் வரையறுத்துக்கொண்டது. எனினும் உருளைக்கிழங்கு அவ்வடிவினது அன்று என்பது சமையலறையில் நிற்கும் எவர்க்கும் தெரியும். கிழங்கின் பெயரில் பழம்பொருள் தங்கியுள்ளது. மலையாளத்தில் ‘உருள’ என்பது கையால் திரட்டிய சோற்றுருண்டை. தமிழில் கவளம் என்றும் பிடி என்றும் கூறுமிடத்து அம்மொழி இச்சொல்லையே ஆள்கிறது. உருளி தமிழில் சக்கரத்தைக் குறித்ததுண்டு. தென்திருவிதாங்கூர்ப் பகுதியில் அது வாயகன்ற வெண்கலப் பாத்திரம். பாயசம் காய்ச்சும் உருளி எல்லைக்கு இருபுறமும் ஒன்றே.

உருண்டை என்பது இடைக்குறைந்து உண்டை ஆயிற்று எனக் கருத இடமுண்டு. இராமன் சிறுபருவத்தில் மந்தரையின் கூன்முதுகில் உண்டை எய்த செய்தியைக் கம்பர் கூறுகிறார். இன்றைய பொதுத்தமிழில் அச்சொல் கோயில் உண்டைக்கட்டி முதலிய சிலவற்றில் ஒதுங்கிவிட்டது. மலையாளத்திலோ ‘உண்ட’ வளமாக வாழ்கிறது. துப்பாக்கிக் குண்டும் அங்கு உண்டயே. தமிழர் எள்ளுருண்டை என்பதனை மலையாளியர் எள்ளுண்ட என்பர். பண்டம் ஒன்றே; ஒரெழுத்துக் குறைவே வேறுபாடு.

வட்டம் என்பதன் பிறப்புப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. வளைதற்பொருளுடைய வள் என்னும் வேரினின்று அதனைப் பாவாணர் பெறுவார். வடமொழி விருத்தம் பிராகிருதத்தின் வழியாக வட்டம் ஆயிற்று என்பார் பிறர். கேரளக் கணிதப் பாடநூலில் வட்டத்திற்குப் பெயர் ‘விருத்தம்’. தமிழ் மாணவர்க்கு விருத்தம் என்பது பாவினம். பிராகிருத வழி உண்மையாயின், இரு பாடநூல்களும் ஒரே சொல்லை இரு கோலத்தில் கற்பிக்கின்றன எனலாம். ஆட்சித்துறையில் வேறொரு விந்தை உண்டு. ஒருபுறம் விளவங்கோடு வட்டம். மறுபுறம் நெய்யாற்றின்கரைத் தாலூக்கு.

இவை அனைத்தினும் கருதத்தக்கது குண்டு என்னும் சொல்லாகும். இன்றைய தமிழில் குண்டு என்றவுடன் திரண்ட பொருளே மனத்தில் எழும். குண்டூசி, குண்டுமணி, குண்டுப் பையன், வெடிகுண்டு யாவும் புடைத்தலைச் சுட்டுவன. மலையாளத்தில் அதே ஒலியுடைய சொல் பள்ளத்தைக் குறிக்கும். 1872இல் வெளிவந்த குண்டர்ட்டின் மலையாள அகராதி குழிவையும் ஆழத்தையும் அதற்குப் பொருளாகத் தருகிறது. ஒன்று மேடு, மற்றது பள்ளம். எல்லையோரத்துச் சிறுவன் ‘வழியில் ஒரு குண்டு உண்டு’ என்று எழுதுவானாயின், அவன் பள்ளத்தைச் சொல்கிறான். படிப்பவர் வெடிபொருளை எண்ணுவார்.

இவ்விடத்து ஆசிரியர் ‘மலையாளக் கலப்பு’ எனச் சிவப்பு மை இடுதல் எளிது. ஆயின் அது நேரிய தீர்ப்பு அன்று. சங்க நூல்களில் ஆழ்ந்த சுனையும் ஆழ்ந்த அகழியும் குண்டு என்னும் அடையொடு வருகின்றன. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் திரட்சிப் பொருளோடு ஆழம், பள்ளம் ஆகிய பொருள்களைப் பதிந்துள்ளது. அவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டா. பழுதுற்ற சாலையைக் ‘குண்டும் குழியுமாக’ இருக்கிறது என நாள்தோறும் கூறுகிறோம். அத்தொடரில் வரும் குண்டு உருண்டை அன்று; குழியோடு இணைந்த ஒருபொருட் பன்மொழியே ஆகும். பொதுத்தமிழ் ஒரு தொடருக்குள் பூட்டிவைத்த பொருளை மலையாளமும் எல்லையோர வழக்கும் தனிச்சொல்லாகவே காத்து வந்துள்ளன.

திசைச்சொல் வழங்கும் பன்னிரு நிலங்களுள் வேணாட்டையும் எண்ணும் இலக்கண மரபு உண்டு. நெய்யாற்றின்கரை அவ்வேணாட்டைச் சார்ந்ததே. ஆதலின் குண்டு, உருளி, உண்டை முதலியவற்றை அயன்மொழிச் சொற்களாகத் தள்ளாது திசைச்சொற்களாகத் தழுவுதல் இலக்கண மரபுக்கும் ஒத்ததாகும்.

எல்லையோரப் பள்ளிகளில் தமிழ் பயிலும் மாணவர்க்குச் சொல்லடைவு தொகுப்போர், ஒரே சொல்லுக்கு இருபுறமும் வழங்கும் பொருள்களை அருகருகே தருதல் வேண்டும். குண்டு: 1. ஆழம், பள்ளம் (சங்க வழக்கு, தென்திருவிதாங்கூர், மலையாளம்), 2. திரண்ட பொருள் (பொதுத்தமிழ்) என்றவாறு அமையும் பதிவில், மாணவன் வீட்டில் கேட்ட சொல் முதற்பொருளாகவே நிற்கும்.